முதல் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ஹரிகிருஷ்ணன் தன் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டான். பள்ளியில் பந்து விளையாடிய காலத்து கிரேப் பேண்டேஜ் அது. நுனியில் இழை பிரிந்திருந்தது. ஒற்றைக் கையால் சுற்ற வரவில்லை. போர்டிகோவில் கார் துடைத்துக்கொண்டிருந்த நல்லையாவைக் கூப்பிட்டு முனையைப் பிடிக்கச் சொன்னான். மூன்று சுற்று சுற்றி ஊக்குக் குத்திய பிறகுதான் நல்லையாவுக்கு உறைத்தது.

"கியர் போடுறது இடது கைங்க தொரை."

ஹரிகிருஷ்ணன் கையைப் பார்த்தான். அவிழ்த்துவிட்டு இடது கையை நீட்டினான். நல்லையா முதலிலிருந்து சுற்றினார்.

பதினொரு மணிக்கு மதுரையிலிருந்து அருண்பாண்டியன் என்று ஒருவர் வருவதாகச் சொன்னான். இன்டர்நெட்டில் பழக்கம். காரைப் பார்க்கத்தான் வருகிறார். கை பிசகிவிட்டதால் நல்லையாதான் அவரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்வர வேண்டும். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் நேற்றோடு முடிந்துவிட்டது, இனி எவ்வளவு வேண்டுமானாலும் மிதிக்கலாம். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

"பின்னாடி வீட்டு ஓடு ஒழுகுதுன்னியே, திங்கக்கிழமை ஆள் வர்றான்" என்றான். அதற்குப் பிறகுதான் மற்றதைச் சொன்னான். "அவரு கேட்டா, இன்னைக்குத்தான் மொத தடவ ஓட்டுறேன்னு சொல்லிரு. மத்தபடி கழுவித் தொடைக்கிறதோட சரின்னு."

நல்லையா சரிங்க என்றார்.

கார் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, லாரியில் ஏறி வந்த ஜப்பான் கார். வெள்ளி நிறம். இரண்டே இருக்கைகள். எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரில் ஒன்பதாயிரம் வரை எண்கள் இருந்தன. நல்லையா இருபது வருடம் வில்பட்டியிலிருந்து ஒட்டன்சத்திரத்துக்குக் கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிப்போன லாரிக்காரர். அவர் ஓட்டிய எஞ்சினெல்லாம் இரண்டாயிரத்து ஐந்நூறிலேயே கதறிவிடும். ஒன்பதாயிரம் என்பதை அச்சுப்பிழை என்று நினைத்தார்.

வந்த அன்று மாலையே ஹரிகிருஷ்ணன் காரை வெளியே எடுத்தான். கேட்டுக்கு ஏறும் சரிவில் இரண்டு முறை எஞ்சின் நின்றுபோனது. மூன்றாம் முறை பின்னால் உருண்டு பூச்செடிப் பாத்தியில் ஏறி நின்றது. இறங்கியவன் சாவியை எடுக்காமலே வீட்டுக்குள் போனான். பத்து வருடத்துக்கு முன்பு மலைப்பாதையில் ஊத்து என்ற இடத்துக்குப் பக்கம் ஒரு வளைவில் அவன் ஓட்டிய ஜீப் தடுப்புச் சுவரில் ஏறித் தொங்கியதும், இரண்டு மணி நேரம் அசையாமல் உள்ளே உட்கார்ந்திருந்ததும் ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு மலைப்பாதையில் அவன் பின்சீட்டில்தான், கண்ணை மூடிக்கொண்டுதான். அந்தப் பயம் ஓட்டுவதைத்தான் தடுத்தது, வாங்குவதைத் தடுக்கவில்லை.

மறுநாள் சாவி நல்லையாவின் கைக்கு வந்தது. புது எஞ்சினை முதல் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு ஐந்தாயிரம் சுற்றைத் தாண்டாமல் பழக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. டிரைவர்கள் அதை ரன்னிங் பார்ப்பது என்பார்கள். ரன்னிங்கை ஒரே கைதான் பார்க்க வேண்டும், கை மாறினால் வண்டி யாருக்கும் பழகாது என்பதும் அவர்கள் பேச்சு. ஹரிகிருஷ்ணன் அதையே பிடித்துக்கொண்டான். "ஒரே கையா இருக்கட்டும், நீயே பாத்துரு."

பதின்மூன்று காலைகள் வெள்ளனே எழுந்து பெருமாள்மலை, வடகவுஞ்சி வழியாகப் பாலசமுத்திரம் வரை இறங்கித் திரும்ப ஏறினார். ஒன்பதரைக்கு ஹரிகிருஷ்ணன் போர்டிகோவில் காபியும் நோட்டுமாகக் காத்திருப்பான். எப்படி இருந்தது என்று கேட்பான். முதல் நாள், நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டு நல்லையா நகரப் பார்த்தார்.

"நல்லா இருக்குன்னா? எப்படி நல்லா இருக்கு?"

அவரிடம் யாரும் எதையும் எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. லோடு போய்ச் சேர்ந்ததா, எத்தனை மணிக்குச் சேர்ந்தது, இவ்வளவுதான் கேட்டிருக்கிறார்கள். அன்று நின்று யோசித்துத்தான் சொன்னார். கியர் கம்பி ஒரு விரற்கடை தூரம்தான் நகர்கிறது, நல்ல பூட்டில் சாவி திரும்புவது போல. மறுநாள் ஓட்டும்போதே சொற்கள் வரத் தொடங்கின. வடகவுஞ்சிக்குக் கீழே ரோட்டில் கிடக்கும் ஈரம் ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வருகிறது. பீடித்துண்டு மேல் ஏறினால்கூட இடுப்புக்குத் தெரிந்துவிடும். இதற்கு ஹரிகிருஷ்ணன் சத்தமாகச் சிரித்தான். நாலாயிரத்து ஐந்நூறில் நிறுத்திப் பிடிப்பது, தாயின் மடியைப் பார்த்துவிட்ட கன்றைக் கயிற்றில் பிடித்து நிற்பது போல. இதைச் சொன்ன அன்று அவன் நோட்டிலிருந்து நிமிரவே இல்லை. நல்லையாவுக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. சாப்பிடும்போது மனைவி வேலம்மாவிடம் சொல்லிப் பார்ப்பார். உங்களுக்குக் கார் பைத்தியம் பிடித்துவிட்டது என்பாள் அவள்.

பன்னிரண்டாம் நாள் ஹரிகிருஷ்ணன் வேறு மாதிரி கேட்டான். ஒன்பதாயிரத்துக்குப் போனால் எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய்?

போகாததை எப்படிச் சொல்ல முடியும் என்றார் நல்லையா. பிறகு என்ன தோன்றியதோ, சொன்னார். சிலோனில் அவர் அப்பா வேலை பார்த்த தேயிலை ஸ்டோரைப் பற்றி. ஆலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் மேல்தளத்தில் பச்சை இலையை வாட்டும் பெரிய காற்றாடிகள் ஓடும். எட்டு வயதில் சாப்பாடு கொண்டுபோனபோது அப்பா அவர் கையைப் பிடித்து ஒரு இரும்புத் தூணின் மேல் வைத்து அழுத்தினார். நடுக்கம் கை வழியே ஏறிப் பல் வரைக்கும் வந்தது. பயப்படாதே, இதுதான் ஸ்டோரின் நெஞ்சு என்றார் அப்பா. குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறுவதற்கு முந்திய வருடம் அவர் இறந்துபோனார். அங்கேயே புதைத்துவிட்டு வந்தார்கள். படம்கூட இல்லை. அந்தத் தூண்தான் இருக்கிறது.

ஹரிகிருஷ்ணன் எழுதுவதை நிறுத்தியிருந்தான். மரியாதைக்குத்தான் நிறுத்தினான் என்று நல்லையா நினைத்தார்.

வெள்ளிக்கிழமை மழையில் பங்களாவின் போன் லைன் அறுந்தது. ஊருக்குள் ஏழு ரோடு சந்திப்பில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்கு ஹரிகிருஷ்ணன் வந்து ஒரு மணி நேரம் டைப் அடித்தான். அங்கே வேலை பார்ப்பது நல்லையாவின் மகள் சத்தியபிரியா. இரண்டு வருடமாக அவன் பங்களாவுக்குப் பின்னாலிருக்கும் வீட்டில்தான் இருக்கிறாள். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. இணையப் பக்கத்தை மூடாமல் எழுந்து போய்விட்டான். கார் வாங்கியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதும் இடம் அது. ஒரு புதிய காரோடு என் முதல் நாட்கள் என்று அவன் தினமும் எழுதிவந்திருக்கிறான்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் பிரிண்ட் எடுத்து வந்த எட்டு இங்கிலீஷ் தாள்களை விரித்துவைத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். பூட்டு இருந்தது. சாவி இருந்தது. ரோட்டின் ஈரம் இருந்தது. கன்றும் கயிறும் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் யார் யாரோ பாராட்டியிருந்தார்கள். ஓட்டுநர் என்றால் நீங்கள்தான் என்று ஒருவர். நல்லையாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"பீடிய சிகரெட்டா மாத்திட்டாருப்பா" என்றாள் சத்தியபிரியா.

"தொரை பீடி குடிச்சா நல்லாவா இருக்கும்" என்றாள் வேலம்மா.

கடைசித் தாளைச் சத்தியபிரியா மெதுவாகப் படித்தாள். இன்று ஒன்பதாயிரத்தைத் தொட்டேன் என்று ஆரம்பித்தது. நல்லையா தொட்டதில்லை. கார் அன்று ஷெட்டை விட்டே வெளியே வரவில்லை, மழை. தாள் இப்படித் தொடர்ந்தது: நான் சிறுவனாக இருந்தபோது என் தந்தை எங்கள் காபி எஸ்டேட்டின் பழைய ஆலைக்குக் கூட்டிப்போய் என் கையை ஓர் இரும்புத் தூணின் மேல் வைத்தார். நடுக்கம் என் பல் வரைக்கும் ஏறியது. பயப்படாதே, இதுதான் ஆலையின் இதயம் என்றார். அவர் இன்று இல்லை. ஒன்பதாயிரத்தில் அவர் கையை மீண்டும் உணர்ந்தேன்.

ஹரிகிருஷ்ணனின் அப்பா, பெரிய துரை, சென்னையில் உயிரோடு இருந்தார். ஐந்து வயதில் மகனை இதே ஊரில் போர்டிங் பள்ளியில் போட்டவர். அவர் மகனைக் கையைப் பிடித்து எங்கும் கூட்டிப்போனதை யாரும் பார்த்ததில்லை.

ஒழுகும் இடத்தில் வைத்திருந்த வாளியில் தண்ணீர் சொட்டியது.

"அவரு வண்டி, அவரு எழுதுறாரு" என்றாள் வேலம்மா கடைசியில். "நம்ம சோலி ஓட்டுறது. ஊரு விட்டு ஊரு வந்து இப்பத்தான் ஒரு கூரைக்குக் கீழ கெடக்கோம்."

"வண்டி அவரோடதும்மா. தாத்தா யாரோடது?"

நல்லையா மகளைப் பார்த்துப் படிப்பு கூடிப்போச்சு உனக்கு என்றார். அவர் எதிர்பார்த்ததை விடக் குரல் உயர்ந்துவிட்டது. அவள் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அருண்பாண்டியன் பத்து ஐம்பதுக்கே வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. காரைப் பார்க்கத்தான் வருகிறார் என்று ஹரிகிருஷ்ணன் சொல்லியிருந்தான், ஆனால் அவர் காரைத் தாண்டி நேராக அவனிடம் போனார். கட்டைப் பார்த்துவிட்டு வலது கையை மட்டும் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அப்பாவப் பத்தி எழுதுனத நாலு தடவ படிச்சேங்க. எங்கப்பா தவறி ஏழு மாசமாச்சு. அழுகவே இல்ல நான். அதப் படிச்சுட்டு ஆபீஸ்ல உக்காந்து அழுதேன்."

ஹரிகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அது நடிப்பா என்று நல்லையாவால் சொல்ல முடியவில்லை. காதுமடல் சிவந்திருந்தது. கை பிசகின கதையைச் சொன்னான். இவன் நல்லையா, வண்டியைக் கழுவுகிறவன், லாரி ஓட்டின பழக்கம் உண்டு, மெதுவாக ஒரு சுற்று கூட்டிப்போவான் என்றான். அருண்பாண்டியன் நல்லையாவைப் பார்த்து வணக்கம் வைத்தார்.

பெருமாள்மலை வரை நல்லையா புதிதாக ஓட்டுகிறவனைப் போல ஓட்டிப் பார்த்தார். கியரைக் குனிந்து பார்த்தார். கிளட்ச்சைத் தாமதமாக விட்டார். நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தெரியாதது போலச் செய்வது லோடு ஏற்றுவதை விடக் கஷ்டமாக இருந்தது. அருண்பாண்டியன் ஜன்னல் வழியே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு தன் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆரப்பாளையத்தில் மில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் பிள்ளைகளிடம் பேசமாட்டார். தொட்டதாக ஞாபகமே இல்லை. அதனால்தான் அந்தத் தூண் தன்னை அப்படி அடித்துவிட்டது என்றார்.

பழனி ரோட்டில் திரும்பியதும் முன்னால் பஸ் இல்லை. ஏற்றம் நேராகக் கிடந்தது. நல்லையா இரண்டாவது கியருக்கு இறக்கினார். கீழே பார்க்கவில்லை. பாசாங்கு எந்த இடத்தில் கழன்றது என்று அவருக்கே தெரியாது.

ஐந்தாயிரத்தைத் தாண்டியது. பதின்மூன்று காலைகளாக அவர் திரும்பி வந்த எல்லை அது. ஆறாயிரத்தில் வேறொரு எஞ்சின் விழித்துக்கொண்டது. அருண்பாண்டியனின் பேச்சு நின்றது. ஏழு. எட்டு. நல்லையா நடுக்கத்துக்காகக் காத்திருந்தார். கை முழுக்கக் காத்திருந்தது. நடுக்கம் வரவில்லை. கீழே இருந்த சின்னச் சின்ன அதிர்வுகளும் ஒடுங்கி, ஸ்டியரிங் அசையாமல் நின்றது. ஒன்பதாயிரத்தில் அந்தச் சத்தத்துக்குள் எதுவும் ஆடவில்லை. ஸ்டோரைப் போல இல்லவே இல்லை. அப்பா அங்கே இல்லை. தான் சொன்னது தவறு. ஹரிகிருஷ்ணன் எழுதியதும் தவறு. எதைப் போல இருக்கிறது என்று அப்போது அவருக்குத் தெரிந்தது. சொல் நாக்கு வரை வந்தது. இதை யாருக்கும் தரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். வேகம் தணிந்து, அகலமான ஒரு வளைவில் ஓரங்கட்டினார். பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி ரோட்டின் பாதியை மூடியிருந்தது.

அருண்பாண்டியன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்தார். எந்தத் தாள் என்று நல்லையாவுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

"இவரு எழுதுனது மாதிரி இல்லியேண்ணே" என்றார். தாளில் ஒரு வரியைத் தேடினார். "தூணு நடுங்குற மாதிரின்னு போட்டிருக்காரு. பல்லு வரைக்கும் ஏறுச்சுன்னு. இது நடுங்கவே இல்லியே."

"பல்லுக்கு ஏறணும்னா மழை மாசமா இருக்கணுங்க" என்றார் நல்லையா. "எட்டுக் காத்தாடியும் சேந்து ஓடணும். ஒன்னு ரெண்டு ஓடுனா முழங்கையோட நின்னுரும்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் அவருக்குக் கேட்டது.

அருண்பாண்டியன் தாளைத் திரும்பப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை விரலால் தேடினார். அதில் காற்றாடி என்று எங்கும் இல்லை. மழை மாதம் இல்லை. எட்டு இல்லை. தாளை அவர் மடிக்கவில்லை. நல்லையாவின் கைகளைப் பார்த்தார். இடது கை கியர் கம்பியின் மேல் பழக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. நல்லையா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேகம் கண்ணாடியில் படிந்து வெளியே ஒன்றும் தெரியாமல் போனது. வைப்பரைப் போட வேண்டும் என்று நினைத்தார். போடவில்லை.

"அண்ணே" என்றார் அருண்பாண்டியன் மெதுவாக. "அது யாரோட அப்பா?"