துடைத்தெடுத்த மூடுபனி

பழைய எண்ணெய் ஓவியங்களைச் சுத்தம் செய்வதுதான் அருங்காட்சியகத்தில் என் வேலை. குச்சியில் பஞ்சைச் சுற்றி, எச்சில் தொட்டு, அழுக்கை மெதுவாக உருட்டி எடுக்க வேண்டும். இந்த ஓவியர் மூடுபனியை வார்னிஷுக்கு மேலே வரைந்திருந்தார். அது தெரியாமல், அழுக்கு என்று நினைத்து, ஏரி மேலிருந்த பனி முழுவதையும் எடுத்துவிட்டேன்.

படங்களுக்குச் சட்டம் அடிக்கும் அத்தான் எட்டிப் பார்த்தார். அக்காவைக் கட்டியவர். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான்.

"அடப்பாவி! கனவு மாதிரி இருந்த படம்டா. இப்ப பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கு."

"திரும்பப் பூசிடலாமா அத்தான்?"

"டைரக்டர் வந்துட்டு இருக்காரு. பார்த்தாருன்னா உன்னை மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிடுவாரு. உங்கக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

அதற்குள், படத்தில் படகின் மேல் கண்மூடி நின்றிருந்த பெண் கண்ணைத் திறந்தாள்.

"யாருங்க லைட்டைப் போட்டது?" சுற்றிப் பார்த்தாள். கரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "இவ்வளவு பக்கத்துலயா? நான் பெரிய கடல்னுல்ல நெனச்சேன்!"

பாவாடையைத் தூக்கிப் பிடித்துச் சட்டத்தைத் தாண்டி, என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

"கொஞ்ச நேரம் உள்ள போய் நில்லுங்கம்மா," அத்தான் கெஞ்சினார்.

"நீ போய் நில்லுய்யா. கால் வலி எனக்குத்தான தெரியும்."

அத்தான் தலையில் அடித்துக்கொண்ட வேகத்தில் முழங்கை பட்டு, நான் துடைத்த பஞ்சைப் போட்டிருந்த ஜாடி கவிழ்ந்தது. பஞ்சிலிருந்து பனி புசுபுசுவென்று கிளம்பி அறையை நிறைத்தது. டைரக்டர் உள்ளே வந்தார்.

"படம் எங்கப்பா?"

"நீங்க அதுக்குள்ளதான் சார் நிக்கிறீங்க," அத்தான் உளறினார்.

பனிக்குள் டைரக்டர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இத்தனை வருஷமா பார்க்கிறேன், இன்னிக்குத்தான்யா மனசைத் தொட்டுச்சு. யாரு செஞ்சது?"

"என் மச்சினன் சார்!"

"அவரை விட்றாதீங்க. கடைசி வரைக்கும் இங்கதான் அவருக்கு வேலை. ஜன்னலை யாரும் திறக்கக் கூடாது."

கதவென்று நினைத்து அலமாரிக்குள் நுழைந்து, முனகிக்கொண்டே வெளியே வந்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார். அத்தான் சந்தோஷத்தில் நான் என்று நினைத்து அலமாரியைக் கட்டிப்பிடித்தார். நான் இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

காதருகே அவள் குரல். "பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம்?"

"வெளிய போய் இடது கைப் பக்கம்."

"நீங்களும் வாங்களேன். துணைக்கு ஆள் இருந்தா நல்லாருக்கும்."

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை.

"இப்பத்தாங்க வேலை நிலைச்சுது," என்றேன்.

"அப்ப சரி."

பனி வெளியே போய்விடாதபடி கதவைக் கொஞ்சமாகத் திறந்து, ஒருக்களித்து வெளியேறி, மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.