உள்பக்கத்து ஜோபி

"தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி நெஞ்சுல கீறத எடுத்துடணும் சித்தப்பா. கட்டையில வெச்சா வெடிக்கும்," என்று யாமினி மறுபடியும் சொன்னாள்.

திருமலை கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தார். அவருடைய அண்ணன் கன்னையா விடிகாலையில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். நாகலாபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. திருப்பதியிலிருந்து ஓடிவந்த மகள் மேலே விழுந்து அழுவாள் என்று ஊர் காத்திருந்தது. வந்தவளோ நெஞ்சிலிருக்கும் பேஸ்மேக்கரை அறுத்தெடுக்கச் சொன்னாள்.

"செத்தவரு மேல கத்தி வெக்கறதா? நல்லா கீதும்மா உன் படிப்பு."

"அப்ப பொதைச்சிடலாம்."

"பொதைக்கறதுக்கு எங்கண்ணன் இன்னா கல்யாணம் ஆவாதவரா?"

அவர்கள் வழக்கத்தில் கல்யாணம் ஆகாமல் போனவர்களுக்குத்தான் குழி. பெண்டாட்டியும் பிள்ளையும் உள்ள மனிதரை மண்ணில் இறக்கினால் நாளைக்கு யார் வாயில் விழுவது? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மூலையில் கிடந்த யாமினியின் அம்மா சந்திரம்மா தலையைத் தூக்கினாள். "அவ வேலையே அதான. அவளுக்குத் தெரியாததா? எடுக்கட்டும் உடு."

உண்மைதான். உடம்புக்குள் வைக்கும் கருவிகளுக்கு, சட்டைக்கு மேலிருந்தபடியே சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி செய்வதுதான் திருப்பதி ஆய்வுக்கூடத்தில் யாமினியின் வேலை. அவளுடைய நைனா கன்னையாவின் நெஞ்சில் இருந்தது வழக்கமான வகை. பேட்டரி தீர்ந்தால் அறுத்து வேறு வைக்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் சபீனா, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். இடது காறையெலும்புக்குக் கீழே பழைய தழும்பின் மேலேயே கீறினாள். தீப்பெட்டி அளவில் ஒரு உலோகத் துண்டு வந்தது. யாமினி அதைக் கைக்குட்டையில் வாங்கிக்கொண்டாள். சபீனா தையல் போட்டு முடித்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

குளிப்பாட்டியதும் சந்திரம்மா பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து வந்தாள். "கோடித்துணி மேல போத்திக்கலாம். உள்ள இத்தப் போடு. போன மாசந்தான் தெச்சி வாங்கினாரு."

கையை நுழைத்து இழுத்து விடும்போது இடது பக்கம், உட்புறமாகத் தைத்த ஒரு பை தட்டுப்பட்டது.

"இன்னாம்மா இது? உள்ள ஒரு ஜோபி?"

சந்திரம்மா சட்டையின் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"சார்ஜர் வெச்சிக்கறதுக்காம். பேட்டரி தீரப்போவுது, மாத்தணும்னு டாக்டரு உகாதி அப்பவே சொல்ட்டாரு. இவருதான் கேக்கல. 'எம்பொண்ணு பேட்டரி வருது, எதுக்கு ரெண்டு வாட்டி அறுத்துக்கணும், நேரா அத்தயே வெச்சிக்கறேன்'னாரு. உங்கிட்ட மூச்சு உடக்கூடாதுன்னு எந்தலையில அடிச்சி சத்தியம் வாங்கினாரு."

"அது வர இன்னும் எத்தினி வருசம் ஆவும்மா!"

"பொங்கலுக்கு நீதான சொன்ன, பேட்டரி தேறிடுச்சி நைனான்னு."

சொன்னாள். அன்று சோதனையில் தேறியது மேசை மேல் இருந்த ஒரே ஒரு பேட்டரி செல். அது மனித உடம்புக்குள் போவதற்குள் எத்தனையோ சோதனைகள் இருந்தன. அவள் இருந்த சந்தோஷத்தில் அதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. மகள் 'தேறிடுச்சி' என்றால் அவருக்கு அது கடைக்கு வந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

வெளியே மேளம் தொடங்கியது. "நேரமாவுதும்மா," என்றார் திருமலை.

அவள் கீழிருந்து பொத்தான்களைப் போட்டுக்கொண்டே வந்தாள். தையல்காரர் அளவு சரியாகத்தான் எடுத்திருந்தார். ஜோபி, சபீனா போட்ட தையலுக்கு நேராக உட்கார்ந்தது. அதன் வாய் மட்டும் ஓரத்தில் மடங்கியிருந்தது. இரண்டு விரலை உள்ளே விட்டு அதை நிமிர்த்திவிட்டு, மேல் பொத்தானைப் போட்டாள்.