கோடு விழுந்த பூக்கள்

"நிறத்தையாவது சொல்லக்கூடாதா?"

"படகுல ஏறினா அவசரப்படக்கூடாது மேடம். ரொட்டி எடுத்துக்குங்க," என்றான் தைஸ்.

திருமதி ஸ்லொப் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். புதுத் துலிப்புகளுக்குப் பெயர் பதியலாமா என்று முடிவு சொல்லும் சங்கத்திலிருந்து வந்திருந்தார். சுக்கானைப் பிடித்திருந்த நான், என் கணவன் வாயிலிருந்து அதை வாங்க முடியாது என்றேன். விதை போட்டுப் பதினாறு வருஷம் காத்திருந்தவன். தன் அண்ணன் யாப்பிடம்கூடச் சொல்லவில்லை. யாப் தங்கமானவன்தான், ஆனால் காபிக்கடையில் உட்கார்ந்துவிட்டால் அவன் வாய் நிற்காது. அதனால்தான் தைஸ் எல்லாக் கிழங்குகளையும், நாங்கள் இப்போது போய்க்கொண்டிருந்த, தண்ணீருக்கு நடுவே யாரும் போகாத ஒரு திட்டில் நட்டிருந்தான். வேறெங்கும் ஒன்றுகூட வைக்கவில்லை.

இருபுறமும் சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக விலகிப் போயின. ஹயசிந்த் பூக்களின் மணம் தண்ணீர்மேல் கனமாகக் கிடந்தது. மோட்டாரை இன்னும் குறைத்தேன்.

எனக்கு நிறம் தெரியும். வெள்ளை இதழ், அடியிலிருந்து நுனிவரை ஊதாக் கோடுகள். நோய் கண்ட துலிப்பில்தான் அப்படிக் கோடு விழும். தைஸின் பூ நோயே இல்லாமல் கோடு போட்டுக்கொண்டு மலர்ந்தது.

பாலத்துக்கடியில் குனிந்து வெளியே வந்தோம். தைஸ் எழுந்து, கையை நீட்டி, "இப்ப பாருங்க" என்றான்.

திட்டில் பூவே இல்லை. கிழங்கு பருக்கட்டும் என்று யாரோ பூவை மட்டும் கிள்ளிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எல்லா வயலிலும் செய்வதுதான். ஆனால் இலையும் இல்லை. வெறும் மணல். வரிசை வரிசையாகக் குழிகள்.

குழிகளை மூடிக்கொண்டிருந்த யாப் மண்வெட்டியோடு நிமிர்ந்து கையசைத்தான்.

"டேய், உன் திட்டு பூரா நோய்டா. ஒரு பூ பாக்கியில்லாம கோடு. நேத்து இந்தப் பக்கமா வந்தப்ப பார்த்து எனக்கு மூச்சே நின்னுபோச்சு. பக்கத்து வயலுக்குப் பரவியிருந்தா? உனக்கு ஏன் தலைவலின்னு நானே எல்லாத்தையும் கிழங்கோட தோண்டி எரிச்சுட்டேன். காபி இருக்கா?"

மோட்டாரை நிறுத்தினேன். திருமதி ஸ்லொப் குழிகளையே பார்த்தார்; பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். படகு தானாக நகர்ந்து கரையில் முட்டியது.

தைஸ் கத்துவான் என்று நினைத்தேன். அவன் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அண்ணே, அவசரத்துல ஒரு கிழங்கையாவது தவற விட்டிருப்ப. விட்டேன்னு சொல்லுண்ணே."