பயணத் தாளின் பின்பக்கம்

தலையணைக்குக் கீழே கையை விட்டபோது சோதிலிங்கத்தின் தலை ஒரு பக்கம் சரிந்தது. சந்திரசேகரன் அவசரமாக அதைப் பிடித்து நேராக வைத்தான். அண்ணனின் கழுத்தில் இன்னும் சூடு இருந்தது. உயிர் போய் முக்கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை.

தலையணைக்குக் கீழே ஒரு கைலேஞ்சியும் மூக்குக் கண்ணாடிக் கூடும்தான் கிடந்தன. மேசை லாச்சியை இழுத்தால் திருநீறு மடித்த ஒரு சரை, நகம் வெட்டி, நீலப் பேனை, பாதி தேய்ந்த அழிறப்பர். அவன் தேடிய தாள் இல்லை. மெத்தைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவில் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தபோது தாதி நடாலி கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"எதையாவது தேடுகிறீர்களா?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"அவருடைய கண்ணாடி."

கண்ணாடிக் கூடு அவனுடைய மற்றக் கையில் இருந்தது. நடாலி அதைப் பார்த்தாள். இனி மருந்தில்லை என்று ஆனவர்களை நோகாமல் வைத்துப் பார்க்கிற இல்லம் அது. உறவுக்காரர் அந்த நேரத்தில் என்னென்ன செய்வார்கள் என்பதெல்லாம் அவளுக்குப் பழக்கம். சன்னலைத் திறந்துவிட்டாள், கால்மாட்டு மேசையில் ஒரு மெழுகுதிரியை ஏற்றினாள். விரும்பிய அளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சந்திரசேகரன் கதிரையில் இருந்தான். பிறகு எழுந்து அலுமாரிக்குள் தொங்கிய ஜாக்கெட்டின் பைகளையும் ஒருமுறை பார்த்தான். அறுபது வயது மனிதன், செத்துக் கிடக்கிற அண்ணனின் சட்டைப் பைக்குள் கையை விடுகிறான். அவனுக்கே தன்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

அவன் தேடியது கப்பல் பயணத்தின் தாளை. அதன் முன்பக்கத்தைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை.

கரீபியன் கப்பலை அவனும் மனைவி யோகமும் பெப்ரவரியில் பதிந்தார்கள். அண்ணனின் நுரையீரலில் கட்டி என்று தெரிந்தது ஜூனில். யோகம் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருபத்தாறு வருடம் நின்று வேலை செய்து, இரண்டு முழங்காலையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தவள். ஓய்வு பெற்றதும் ஒரு பெரிய கப்பலில் ஏறி, வேறு யாராவது சமைக்க, தான் இருந்து சாப்பிடவேண்டும் என்பது அவள் இந்த நாட்டில் வாய் திறந்து கேட்ட ஒரே ஆசை. சனவரி பதின்மூன்றாம் திகதி காலை டுசல்டோர்ஃபிலிருந்து விமானம். பதினான்காம் திகதி கப்பல்.

எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணிக்கு இறங்கலாம், எத்தனை மணிக்குத் திரும்ப ஏறவேண்டும் என்பதையெல்லாம் சந்திரசேகரன் ஒரு தாளில் அச்செடுத்து வைத்திருந்தான். நவம்பரில் ஒருநாள் அதை அண்ணனிடம் கொண்டுபோனான். சோதிலிங்கம் ஜெர்மனிக்கு வருவதற்கு முன் கிரேக்கக்காரரின் சரக்குக் கப்பலில் நாலு வருடம் வேலை செய்தவர். அந்தத் தீவுகளில் சீனியும் வாழைக்காயும் ஏற்றியவர்.

"இதென்ன, எல்லா இடத்திலையும் பஸ் எண்டு கிடக்குது?" என்றார் அவர்.

"கப்பல்காரனே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவான் அண்ணை."

"பஸ்ஸிலை ஏத்தி ஒரு றம் கடை வாசலிலை இறக்குவான். அதுக்கு ஏன் கரீபியன்? தாளைத் தா. கரையிலை என்ன செய்யிறது எண்டு நான் எழுதித் தாறன்."

"உங்களுக்குக் களைப்பாய் இருக்கும்."

"சும்மா படுத்திருக்கிறதும் களைப்புத்தான்."

பார்படோசில் இராணுவ நிறத்தில் உடுப்புப் போட்டால் குற்றம் என்று இணையத்தில் படித்ததைச் சந்திரசேகரன் சொன்னான். சோதிலிங்கம் இருமல் வருமட்டும் சிரித்தார்.

"ஊரிலை அந்த உடுப்பைக் கண்டால் நாங்கள் ஓடினம். அங்கை அதைப் போட்டவன் ஓடவேணும். நல்ல நாடு." மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார். "இதைக் கேள். கப்பல் நேரமும் கரை நேரமும் சில இடத்திலை ஒண்டாய் இராது. மணிக்கூட்டைக் கப்பல் நேரத்திலையே வைச்சிரு. ஆறு மணிக்கு வெளிக்கிடுதெண்டால் நாலரைக்குத் துறைமுகத்துக்குள்ளை நிக்கவேணும். கப்பல் ஒருத்தருக்காகவும் நிக்காது."

அன்றைக்கு வீடு திரும்பும் ரயிலில் மூன்றாவது தரிப்பிடத்தில்தான் சந்திரசேகரனுக்கு நினைவு வந்தது. அந்தத் தாளின் பின்பக்கத்தில் அவன் எழுதியிருந்தான்.

இரண்டு நாளுக்கு முன் வைத்தியர் அவனைத் தனியாக அழைத்து, இனி மாதக்கணக்கு இல்லை, கிழமைக்கணக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அவன் வீட்டுக்கு வந்து குசினி மேசையில் இருந்து, கைக்குக் கிடைத்த தாளைக் கவிழ்த்துப்போட்டு எண்ணத் தொடங்கினான். சோதிலிங்கம் கலியாணம் செய்யாதவர். பிள்ளை குட்டி இல்லை. கொள்ளி வைக்கவேண்டியவன் தம்பி. கொள்ளி வைத்தவனுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடியாமல் கோயிலும் இல்லை, பயணமும் இல்லை. பதின்மூன்றாம் திகதி விமானம் என்றால் பன்னிரண்டுக்குள் முப்பத்தொன்று வரவேண்டும். அங்கேயிருந்து பின்னுக்கு எண்ணிக்கொண்டு போனால் டிசம்பர் பதின்மூன்று. அந்தத் திகதியை எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டான். அந்தத் திகதிக்குள் என்ன நடக்கவேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை.

சந்திரசேகரன் கெட்டவன் அல்ல. கெட்டவன் என்றால் பேனையால் எழுதியிருப்பான். பென்சிலால் எழுதிவிட்டு, பிறகு தேத்தண்ணி போட எழுந்தபோது தான் செய்த காரியம் விளங்கி வெட்கப்பட்டு, அதை மறக்க முயன்று, மறந்தும் போனான். மறந்துபோனதுதான் வினை.

மறுநாள் ஓடிப்போய்த் தாளைக் கேட்டான்.

"இன்னும் எழுதி முடியேல்லை," என்றார் அண்ணன்.

அதன்பிறகு அவன் போகும்போதெல்லாம் தாள் போர்வைக்கு மேலே முன்பக்கம் தெரியக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று வரி கூடியிருந்தது. அவர் திருப்பிப் பார்த்தாரா, இல்லையா? சந்திரசேகரன் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் வழமையான பகிடியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இந்த இல்லத்தில் கட்டில் கிடைக்கக் காத்திருந்த நாட்களிலேயே அவர் சொல்லியிருந்தார், "இந்த நாட்டிலை டெர்மின் எடுத்து நாள் குறிக்காமல் சாகவும் ஏலாது" என்று. அதே குரலில்தான் இப்போதும் பேசினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டு வீட்டுக்குப் போவான். வீட்டில் நித்திரை வராது.

கடைசித் திங்கட்கிழமை சோதிலிங்கத்துக்குக் காய்ச்சல் வந்தது. சளி கட்டியிருக்கிறது, கிருமிக்கு மருந்து ஏற்றினால் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம், ஏற்றட்டுமா என்று வைத்தியர் கேட்டார். சோதிலிங்கம் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"காணும்," என்றார் தமிழில். வைத்தியர் சந்திரசேகரனைப் பார்த்தார். போதுமாம் என்று சந்திரசேகரன் அதை ஜெர்மனில் சொன்னான்.

ஏற்றுங்கோ அண்ணை என்று அவன் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எத்தனையோ தரம் யோசித்துவிட்டான், அதற்கு ஒரு செக்கன் போதும். ஆனால் அந்த நேரத்தில் அவனுடைய கண் சுவரில் இருந்த கலண்டருக்குப் போனது. எட்டாம் திகதி. கண் தானாகத்தான் போனது. அதற்காக அது அவனுடைய கண் இல்லை என்று ஆகிவிடுமா?

பன்னிரண்டாம் திகதி, வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பதுக்குச் சோதிலிங்கம் போய்விட்டார். ஒரு நாள் மிச்சம் விட்டுவிட்டு.

வீட்டுக்கு வர இரண்டரை ஆகிவிட்டது. யோகம் குசினியில் அடுப்பு மூட்டாமல் இருந்தாள். தோய்ந்துவிட்டு ஈரத் தலையோடு தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தான். ஐயர் பஞ்சாங்கம் புரட்டும் சத்தம் கேட்டது.

"முப்பத்தொண்டு சனவரி பதினொண்டிலை வருகுது. ஞாயிற்றுக்கிழமை. நல்லதாய்ப் போச்சு, எல்லாருக்கும் லீவு."

டுசல்டோர்ஃபிலிருந்து யோகத்தின் அண்ணன் சந்திரமௌலி எடுத்தார். அவரும் அதையே சொன்னார். "உங்கட பயணத்துக்கும் இடைஞ்சல் இல்லை என்ன? பாவம் மனிசன், இருக்கேக்கையும் ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கேல்லை, போகேக்கையும் குடுக்கேல்லை."

சந்திரசேகரன் தொலைபேசியை வைத்தான்.

"யோகம், கப்பலை நிப்பாட்டுவம்."

அவள் பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "ஏன்? அந்தியேட்டி முடியுதெல்லே?"

"முடியுது. அதுதான்."

அவளுக்கு விளங்கவில்லை. அவள் ஏதோ கேட்க வாயெடுத்தபோது திரும்பவும் தொலைபேசி அடித்தது. கோயில் மண்டபத்துக்குப் பொறுப்பான ஞானசுந்தரம்.

"தம்பி, இப்பத்தான் கேள்விப்பட்டன்," என்றார். "என்ன செய்யிறது. நோகாமல் போனாரோ?"

"ஓம் அண்ணை. நித்திரையிலை."

"நல்ல ஆத்மா. மண்டபத்தைப் பற்றி ஒண்டும் யோசியாதேங்கோ. பதினோராம் திகதி உங்கட பேரிலை போட்டிருக்கு."

சந்திரசேகரன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "நான் இன்னும் மண்டபம் கேக்கேல்லையே அண்ணை. இண்டைக்குத்தானே..."

"நீங்கள் இல்லை, அண்ணைதான் எடுத்தவர். நவம்பர் கடைசியிலை. பொங்கலுக்கு முதல் வாற ஞாயிறு மண்டபம் வெறுமையோ எண்டு கேட்டார். ஓம், என்ன விசேஷம் எண்டன். என்ரை முப்பத்தொண்டு எண்டார். பகிடி எண்டு நினைச்சு நான் சிரிச்சிட்டன் தம்பி. அவர் சிரிக்கேல்லை. திகதி மாறுமோ எண்டு கேட்டன். எனக்கும் என்ன கேக்கிறதெண்டு தெரியேல்லை. முந்தினாலும் பிந்தாது, தம்பிக்குப் பதின்மூண்டு விமானம் எண்டார். அப்பிடியே எழுதி வைச்சிட்டன்."

"ஓம்," என்றான் சந்திரசேகரன். வேறு என்ன சொன்னான் என்று அவனுக்கு நினைவில்லை. தொலைபேசியை வைத்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது. அப்படியென்றால் அண்ணன் பார்த்திருக்கிறார். முதல் நாளோ, இரண்டாம் நாளோ. பார்த்த பிறகுதான் சந்தையையும் கடற்கரையையும் பற்றி அத்தனை வரி எழுதியிருக்கிறார். பார்த்த பிறகுதான் திங்கட்கிழமை தலையாட்டினார். 'காணும்' என்ற அந்தச் சொல்லை ஜெர்மனில் மாற்றிக் கொடுத்தது இவனுடைய வாய்.

அவன் அழுதான். யோகம் எழுந்து வந்து அவன் முதுகைத் தடவினாள். அண்ணனுக்காக அழுகிறான் என்று அவள் நினைத்தாள். அதுவும் பொய்யில்லை.

"அத்தான் எல்லாத்தையும் யோசிச்சுத்தான் போயிருக்கிறார்," என்றாள். "அவற்றை சாமானுக்குள்ளை என்னத்தையோ தேடினீங்கள் எண்டு நடாலி போனிலை சொன்னவ. அந்தக் கப்பல் தாளையோ?"

அவன் நிமிர்ந்தான்.

"என்னட்டை இருக்கு. செவ்வாய்க்கிழமை நான் போனபோது தந்தவர். அவனட்டைக் குடுக்காதை, அவன் பயணம் வேண்டாம் எண்டு நிப்பான், அப்ப எடுத்து வாசிச்சுக் காட்டு எண்டவர்."

அவள் அறைக்குள் போய்க் கைப்பையை எடுத்து வந்தாள். நாலாக மடித்திருந்த தாளை வெளியே எடுத்தாள். அதைப் பறித்து அடுப்பில் போடவேண்டும் போல் அவனுக்கு இருந்தது. கை எழவில்லை. மின்சார அடுப்பு வேறு. யோகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதிரே இருந்தாள். மூன்றரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்ததால் மேசைக்கு மேலிருந்த விளக்கைப் போட்டாள். தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பிறிஜ்டவுன். டாக்சிக்காரரோடை கதையாதை. கடலைப் பாத்துக்கொண்டு நடந்தால் அரை மணித்தியாலத்துக்குள்ளை ஊர்." அவள் மெதுவாக, எழுத்துக் கூட்டுவது போல வாசித்தாள். "செயின்ட் ஜோர்ஜ். இது கிரெனடா போலை. யோகத்துக்கு முழங்கால் ஏலாது, மேட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போகாதை. சந்தைக்குள்ளை சாதிக்காய் மணக்கும். அங்கை நிழலிலை ஒரு வாங்கு பாத்து அவளை இருத்து. அவசரப்படுத்தாதை."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டாள். தாளை மறுபடி விளக்குக்கு நேரே உயர்த்தினாள்.

தாளின் பின்பக்கம் இப்போது அவனுக்கு நேரே இருந்தது. அங்கே பென்சில் எழுத்து ஒன்றும் இல்லை. அண்ணனின் நீல எழுத்துகள் முன்பக்கத்திலிருந்து மறுவளமாக மெல்லியதாய்த் தெரிந்தன. மூலையில் மட்டும் தாள் கொஞ்சம் மெலிந்து, பஞ்சு கிளம்பியிருந்தது. அழுத்திப் போட்ட வட்டத்தின் பள்ளம் மட்டும் போகவில்லை. மடிப்புக்குள் சிக்கியிருந்த அழிறப்பர் துகள் இரண்டு மேசைமேல் விழுந்தன.

யோகம் அவற்றைக் கவனிக்காமல் புறங்கையால் தட்டிவிட்டு அடுத்த துறைமுகத்தை வாசித்தாள்.