இருபது துண்டுச் சீட்டுகள்

தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்த பிறகுதான் எங்கள் பெட்டியில் குலுக்கல் தொடங்கியதாம். கடலூர் ஓ.டி.யிலிருந்து சிதம்பரம் போகும் காலைப் பாசஞ்சர், பெண்கள் பெட்டி. சீசன் டிக்கெட்டில் வருகிற இருபது பேர், வெள்ளிக்கிழமை ஆளுக்குப் பத்து ரூபாய். சௌந்தரம் அக்காவின் டிபன் பாக்ஸில் பெயர்ச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்போம். அந்தப் பெயருக்கு இருநூறு. மிச்சச் சீட்டுகளைப் பிரிக்காமல் வெள்ளாற்றுப் பாலத்தில் வீச வேண்டும். தோற்ற சீட்டு பெட்டியில் தங்கினால் ராசி கெடும்.

2005இல் நான் பி.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. அதிகம் பேசமாட்டேன். பேசாதவள் ஏமாற்றமாட்டாள் என்று நினைத்தார்களோ என்னவோ, சீட்டு எழுதும் வேலை என்னிடம் வந்தது.

ஆலப்பாக்கத்தில் ஏறும் செல்லாயி அக்கா ஒரு விடுதியில் பாத்திரம் கழுவுபவர். நாற்பது வாரமாகப் பணம் போட்டும் அவருக்கு விழவில்லை.

“லாட்டரியும் வுழல, இதுவும் வுழல. ஏம் பாப்பா, நீ கணக்குதான படிக்கிற? எனக்கு எப்ப வுழும்?”

லாட்டரியில் போடும் பத்து ரூபாயில் சராசரியாகப் பெரும்பகுதி திரும்பாது, இங்கே முழுவதும் நம்மில் ஒருவருக்கே வருகிறது, அதனால் இது நியாயமான ஆட்டம் என்றேன். நாற்பது வாரம் விழாமல் போவது நூறு பேரில் பன்னிரண்டு பதின்மூன்று பேருக்கு நடக்கும், போடப் போட ஒருநாள் விழும் என்றும் சொன்னேன். அந்தப் பெட்டியில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

“அந்தப் பன்னெண்டு பேரு எங்க இருக்காளுவ? தேடிப் புடிச்சி ஒரு சங்கம் வெக்கலாம்.”

பெட்டியே சிரித்தது.

ஆகஸ்டில் அவர் சிரிக்கவில்லை. மகள் கயல்விழி பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியிருந்தாள். மறுதேர்வுக்குத் திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும்.

“நான் தரேன்டி” என்றார் சௌந்தரம் அக்கா.

“குடுத்தா வாங்கமாட்டேங்க்கா. வுழுந்தா வாங்கிக்கிறேன்.”

இருபதில் ஒன்று. எப்படிப் போட்டுப் பார்த்தாலும் ஐந்து விழுக்காடுதான். வெள்ளிக்கிழமை காலை வீட்டிலேயே இருபது சீட்டிலும் அவர் பெயரை எழுதி மடித்துக்கொண்டு போனேன்.

புதுச்சத்திரம் தாண்டியதும், அந்த வாரம் எடுக்கும் முறை வந்த மாலதி டீச்சர் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார்.

“செல்லாயி!”

செல்லாயி அக்கா பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“நான் வீசுறேங்க்கா” என்று டிபன் பாக்ஸுக்குக் கை நீட்டினேன். அதுதான் தப்பு. எதற்கும் நானாகக் கை நீட்டியவள் இல்லை. சௌந்தரம் அக்கா என்னைப் பார்த்தார். பாக்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய், எங்களுக்கு முதுகு காட்டி ஒரு சீட்டைப் பிரித்தார். இன்னொன்று. மூன்றாவதைப் பிரிக்கவில்லை. பாலத்தின் சத்தம் வந்ததும் எல்லாவற்றையும் காற்றில் விட்டார்.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “என்னாடி, இந்த வாரம் செல்லாயிக்கு வுழ எத்தினிக்கு எத்தினி?”

“இருபதுக்கு இருபதுங்க்கா.”

“மத்தவளுவளும் பத்து ரூவா போட்டிருக்காளுவடி.” குரலில் கோபமில்லை. “சீட்டு இனிமே நான் எழுதிக்கிறேன்.”

செவ்வாய்க்கிழமை செல்லாயி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “கட்டிட்டேன் பாப்பா. கணக்கு பொய் சொல்லாது, ரயில்ல வர்ற புள்ள சொன்னாப்லயே வுழுந்துச்சி பாருன்னு கயலுகிட்ட சொன்னேன். அதுலேருந்து புக்கும் கையுமா இருக்கா.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு அகலப் பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்தினார்கள். அது மறுபடி ஓடியபோது நாங்கள் இருபது பேரும் எங்கெங்கோ போயிருந்தோம். போன மாதம் சிதம்பரம் ஸ்டேஷனில் மாலதி டீச்சரைப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமையின் பத்து ரூபாயை எடுத்து நீட்டினேன்.

“என்னாது?”

“சீட்டுக் காசு டீச்சர்.”

“இன்னுமா குலுக்குறீங்க!” கைப்பையைத் திறந்து அவரும் பத்து ரூபாய் எடுத்தார். “இந்தா, என் பேரையும் எழுதிக்க.”