சின்னவனுக்குச் சரியான தீனி

என் மாமனாருக்குக் கைத்தடி என்றாலே ஆகாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலு கால் கம்பியைக் குளியலறையில் துண்டு காயப்போட வைத்துக்கொண்டார். கையைப் பிடித்துக் கூட்டிப்போகலாம் என்று நான் போனால், "விடும்மா, நான் என்ன கல்யாணப் பொண்ணா?" என்று உதறிவிடுவார். வாழ்நாள் முழுக்க உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவர். மேகம் தொடுகிற இடத்தில் ஒற்றைக் குழாய் மேல் நின்று டீ குடித்தவர். அவர் இப்போது சமதரையில், எங்கள் வீட்டுக் கூடத்தில், நின்ற இடத்திலேயே தடுமாறுகிறார். கால் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது, இன்னும் இரண்டு வருஷம் நடந்தால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாய் யோசனை என் வீட்டுக்காரருடையது. அவர் சரக்கு லாரி ஓட்டுகிறார். போன இடத்தில் யாரோ ஒரு பெரியவர், கன்றுக்குட்டி உயர நாயின் முதுகில் பிடி ஒன்று கட்டி, அதைப் பற்றிக்கொண்டு தெருவில் நடந்து போனதைப் பார்த்திருக்கிறார். அடுத்த தடவை வந்தபோது மடியில் ஒரு குட்டி. நான் வாயில் வந்தபடி திட்டினேன். விழுகிற ஆளைத் தூக்கவே வீட்டில் ஆள் இல்லை, இதில் இந்த மூத்திரத்தை வேறு யார் துடைப்பது?

மாமனார் மட்டும் குட்டியின் முன்னங்காலைத் தூக்கி, சாரத்துக்குக் குழாய் தேர்ந்தெடுப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவன் தாங்குவான்" என்றார்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. தடியைப் பிடித்து நடந்தால் கிழவன் தள்ளாடுகிறான் என்பார்கள். நாயைப் பிடித்து நடந்தால் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறார் என்பார்கள். மனுஷனுக்கு அந்த மரியாதை போதும். என் வீட்டுக்காரர் அவருக்கு ஒரே பிள்ளை. அதனால் அவரைப் பெரியவனாக்கி, குட்டிக்குச் 'சின்னவன்' என்று மாமனார் பெயர் வைத்தார்.

நான் பை தைக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறேன். பெட்டிப் பைக்குப் போடுகிற தடித்த நாடாவை எடுத்து, இரும்புப் பிடி வைத்து, சின்னவனுக்கு ஒரு முதுகுப்பட்டை தைத்தேன். வளர்ந்த நாயின் அளவுக்கே தைத்துக் கூடத்து ஆணியில் மாட்டினேன். மாமனார் அடிக்கடி அதை இறக்கிக் குட்டிக்குப் போட்டுப் பார்ப்பார். குட்டி அதற்குள் காணாமல் போய்விடும். "இன்னும் காலம் இருக்குடா" என்பார். அவனிடம் சொல்கிறாரா, தன்னிடமே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாது.

தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது கால்நடை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். எலும்பு முற்றுகிறவரை இவன்மேல் யாரும் எடை போடக் கூடாது, அதற்கு ஒன்றரை வருஷமாவது ஆகும், அதுவரை தீனியில் கவனம் வேண்டும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் வீட்டுக்காரர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். அவர் மனசுக்குள் என்ன கணக்கு ஓடியது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே கணக்குதான்.

நாய்த் தீனிக் கடையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தார்கள். அவர் நேராகப் போய், பயில்வான் மாதிரி ஒரு நாய் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் படம் போட்ட பையைத் தூக்கினார். 'வேகமான வளர்ச்சி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கடைக்காரப் பெண் ஓடி வந்தாள்.

"சார், அது சின்ன ஜாதிக் குட்டிங்களுக்கு. உங்களுது பெரிய ஜாதி, மெதுவாத்தான் வளரணும். உடம்பு மளமளன்னு ஏறி, எலும்பு பிந்திப் போச்சுன்னா கால் வளைஞ்சிடும்."

"எங்க அப்பாவுக்கு நேரம் இல்லம்மா" என்றார் அவர்.

அவளுக்கு என்ன புரியும்? எனக்குப் புரிந்தது. ஆனாலும் அவர் கையிலிருந்த பையைப் பிடுங்கி வைத்துவிட்டு, பெரிய ஜாதிக் குட்டிக்கென்றே இருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். கால்சியம் அளவோடு இருக்கிறதா, கொழுப்பு குறைவா, முதலில் மாமிசத்தைச் சொல்லியிருக்கிறார்களா, வெறும் மாவா என்று அவளைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் குடைந்தெடுத்தேன். எனக்குப் புடவை எடுக்கக்கூட இவ்வளவு நேரம் ஆனதில்லை.

வீட்டுக்கு வந்து மூட்டையை இறக்கியதும், "இதுதான் மாமா சரியானது. மெதுவா வளர்ந்தாத்தான் இவன் கால் உறுதியா நிக்கும்" என்று அவரிடம் விளக்கினேன்.

"மெதுவாவா?" என்றார். குனிந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பட்டறைக்குக் கிளம்பும் முன் மாமனாரின் உள்ளங்கையில் மாத்திரைகளை வைப்பேன். நரம்புக்குச் சின்னதாக ஒன்று, எலும்புக்கு வெள்ளையாக, பட்டாணியைவிடப் பெரிதாக ஒன்று. தண்ணீர்த் தம்ளரையும் வைத்துவிட்டு, சின்னவனுக்கு அளந்து தீனி போடுவேன். தட்டிலிருந்து வாசம் வந்தாலும் அந்த நேரத்தில் மட்டும் அவன் தட்டுக்கு வரமாட்டான். மாமனாரின் காலடியில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். எவ்வளவு பாசம் பார் என்று நான் பட்டறையில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அவன் வளர்ந்தான். கதவு வாசலை அடைத்துக்கொண்டு படுக்கிற அளவுக்கு வளர்ந்தான். முதுகுப்பட்டை ஏறக்குறையச் சரியாக உட்கார்ந்த அன்று மாமனார் குழந்தை மாதிரி கைதட்டினார். ஆனால் அந்த வாரமே சின்னவன் நொண்ட ஆரம்பித்தான். முன்னங்கால் இரண்டும் மணிக்கட்டில் வெளிப்பக்கமாகத் திரும்பி, வில்லாக வளைந்திருந்தன. எழுந்திருக்கும்போது முனகினான்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே கேட்டார்.

"கால்சியம் ஏதாவது குடுக்கிறீங்களா? பவுடர், மாத்திரை?"

"இல்லவே இல்ல. பையில இருக்கிற எழுத்தெல்லாம் படிச்சுப் பார்த்து வாங்கின தீனி மட்டும்தான்" என்றேன்.

"குட்டியோட உடம்புக்கு வேண்டாத கால்சியத்தை ஒதுக்கத் தெரியாது. போட்டதெல்லாம் ஏறிடும். அப்படித்தான் இருக்கு இந்தக் காலு" என்றவர், படத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இனிமே இவன்மேல யாரும் சாய முடியாது. இவன் சொந்தமா நின்னாலே போதும்."

சின்னவனை வீட்டில் விட்டுவிட்டு, தீனி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பாதி காலியான மூட்டையை அந்தப் பெண்ணின் மேசைமேல் போட்டு, வந்தவர் போனவர் எல்லாரும் வேடிக்கை பார்க்கக் கத்தினேன். அவள் அழுதுவிட்டாள். "அக்கா, என் நாய்க்கும் இதையேதான் போடுறேன்" என்றாள். நான் நம்பவில்லை.

மாமனாரிடம் சுளுக்கு என்று சொல்லிவைத்தேன். உள்ளதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சின்னவனின் காலைத் தடவிக்கொடுத்தபடி, "சத்து பத்தல" என்றார்.

ஒரு மாதம் போயிருக்கும். மாமனார் விழுந்தார். உயரத்திலிருந்து அல்ல, நாற்காலியில் உட்காரப் போய் அது நகர்ந்து, பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்த மாதிரி விழுந்ததுக்கு இப்படி நொறுங்கக் கூடாதும்மா. எலும்பே உளுத்துப்போய் இருக்கு. கால்சியம் மாத்திரை எழுதியிருந்ததே, சாப்பிடுறாரா இல்லையா?"

"ஒரு வேளைகூட விட்டதில்ல டாக்டர். என் கையாலதான் குடுக்கிறேன்" என்று அழுத்தந்திருத்தமாகச் சொன்னேன்.

சொல்லிவிட்டு நடந்தவள் லிஃப்டுக்கு முன்னால் நின்றுவிட்டேன். இரண்டு டாக்டர்களும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. நாய்க்குக் கால்சியம் கொடுக்கிறாயா என்று கேட்டவரிடம் இல்லை என்றேன். மாமனாருக்குக் கொடுக்கிறாயா என்று கேட்டவரிடம் ஆமாம் என்றேன். இரண்டு பேரிடமும் அடித்துச் சொல்லியிருக்கிறேன். தட்டை விட்டுவிட்டு அவர் காலடியில் காத்திருந்த நாய் கண்முன் வந்து நின்றது. நான் மாத்திரையை உள்ளங்கையில்தான் வைத்தேன். அவர் விழுங்கியதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கிழவர் என்றும் பார்க்காமல் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வார்டுக்குள் போனேன். கட்டிலில் பாதியாகச் சுருங்கிக் கிடந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"சின்னவன் எப்படிம்மா இருக்கான்?"

"மாமா, அந்த வெள்ளை மாத்திரையை நீங்க சாப்பிட்டீங்களா?"

மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி சிரித்தார். "எனக்கு எதுக்கும்மா இனிமே எலும்பு? வளர்றவன் அவன். நீ மெதுவா வளரட்டும்னு வாங்கிட்டு வந்துட்ட. என் கால் காத்திருக்குமா? டாக்டர் இன்னும் அதிகமாச் சாப்பிடச் சொன்னார்னு பெரியவன்கிட்ட சொல்லித் தனியாவும் வாங்கி வெச்சிருந்தேன். அதுக்கு அவனைத் திட்டாத, எதுக்குன்னு அவனுக்குத் தெரியாது."

வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தலையணைக்கு அடியில் கையை விட்டு, மருந்துச் சீட்டுக் காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்தார். நர்ஸ் கொடுத்த வெள்ளை மாத்திரைகள். இங்கேயும் ஒன்றும் விழுங்கவில்லை.

"இந்தா, கொண்டுபோய்க் குடு. நான் இல்லாததால நின்னு போயிருக்கும். பாவம், நொண்டுறானே. இது சேர்ந்தா கால் நேரா வந்துடும். நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள அவன் தயாரா இருக்கணும்மா."

அவர் இனி நடக்க மாட்டார் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். அவருக்குச் சொல்லவில்லை. கேட்க வந்த நாலு வார்த்தையை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தால் சின்னவன் நிற்க முடியாததைப் பார்க்கத்தான் போகிறார். அதுவரைக்குமாவது அவருக்கு அந்த நாய் இருக்கட்டும் என்று தோன்றியது.

பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்து, "வாயைத் திறங்க மாமா" என்றேன்.

"அவனுக்கு?"

"அவனுக்கு மீதி இருக்கு."

விழுங்குகிறவரை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மீதியை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சின்னவன் கூடத்தில் படுத்திருந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. ஆணியிலிருந்து முதுகுப்பட்டையை எடுத்துப் பூட்டினேன். இப்போது கனகச்சிதமாகப் பொருந்தியது. மாமனாரின் கைக்கு அளவெடுத்து நான் வைத்த பிடியைப் பற்றி, அவனைத் தூக்கி நிறுத்தித் தட்டுக்கு நடத்திப் போனேன். தட்டில் அந்தக் கடைக்காரப் பெண் சொன்ன சரியான தீனி இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. வளைந்த கால்களில் நடுங்கிக்கொண்டே திரும்பி, என் உள்ளங்கையை மோந்து, மாத்திரை இருந்த இடத்தை நக்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்தான்.