பத்துக்கு நாலு

"அன்னைக்கு நாலுன்னுதானே சொன்னீங்க?"

"நாலுன்னுதான் சொன்னேன்."

"இப்ப ஆறுன்னு எழுதியிருக்கீங்களே தோரா. கடைசி வாரம் முழுக்க ஆறு. ஒரே ஒரு நாள் அஞ்சரை."

"அது வெள்ளிக்கிழமை. அன்னைக்கு நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்த நாளே அஞ்சரைன்னா, மருந்தே இல்லாதப்ப எப்படி நாலா இருந்திருக்கும்?"

என் மனைவி தோரா, நர்ஸ் மேவிஸின் தட்டைப் பார்த்து, "நீ ரொட்டியைத் தொடவே இல்லையே. ஜாம் புளிக்குதா?" என்றாள்.

மேவிஸ் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். ஆர்க்னியின் வடக்குத் தீவுகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ள எல்லோருக்கும் அவள் ஒருத்திதான் நர்ஸ். காலை விமானத்தில் வந்திருந்தாள். பதினொன்றரை விமானத்தில் திரும்ப வேண்டும். மேசையில் அவளுடைய காகிதங்களும் தோரா தினமும் எண் எழுதிவந்த நீல நோட்டும் அருகருகே கிடந்தன.

கால் துளியும் விறைக்கவில்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியவில்லை என்றால் பத்து. மருந்துக்கு முன்னால் ஒரு எண், நான்கு வாரம் கழித்து ஒரு எண். ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருந்தால், வாயில் அடிக்கும் அந்த மருந்து ஸ்ப்ரே தொடரும். குறையவில்லை என்றால் நின்றுவிடும். எங்களிடம் கேட்ட கணக்கு அவ்வளவுதான்.

நான்கு வாரத்துக்கு முன் இதே சமையலறையில்தான் மேவிஸ் முதல் எண்ணைக் கேட்டாள். அன்று காலை தோராவின் முழங்கால்கள் ஒன்றோடொன்று இறுகிப் பூட்டிக்கொண்டிருந்தன. சுருட்டிய துண்டை இடையில் நுழைப்பதற்கே எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து, தலை சீவி, நல்ல கம்பளிச் சட்டை போட்டுச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளிடம் மேவிஸ் கேட்டபோது, தோரா ஜன்னல் பக்கம் பார்த்தாள். மூன்றாவது வீட்டின் புகைபோக்கி அங்கே தெரியும். அந்த வீட்டில் சிகுர்ட் இதே நோயால் எட்டு வருடமாகப் படுத்த படுக்கை. குழாய் வழியாகத்தான் சாப்பாடு.

"சிகுர்டுக்குப் பத்துன்னா எனக்கு ஒரு நாலு இருக்கும்," என்றாள்.

அடுப்புப் பக்கம் நின்றிருந்த நான், "நல்லாத்தான் சமாளிக்கிறா," என்றேன்.

பொய் சொல்கிறோம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. இந்தத் தீவுகளில் கொட்டகைக் கூரை பறந்து போனவனிடம் கேட்டால், கொஞ்சம் காற்று அடித்தது என்பான். என் அப்பாவின் இரண்டு விரல்கள் படகில் வலை இழுக்கும் உருளையில் சிக்கிப் போனபோது, டாக்டரிடம் அவர் சொன்னது, "இந்தக் கையால நான் எழுதறதில்ல" என்பது. விருந்தாளி முன்னால் வலியைப் பேசுவது, அழுக்குத் துணியை மேசைமேல் போடுவது மாதிரி.

அதற்கு முன் எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. அக்கம்பக்கத்தில் சொல்வதற்கு ஆள் இல்லாத வைத்தியம் கிடையாது. கடல்பாசி அள்ளி வந்து வெந்நீர்த் தொட்டியில் போட்டேன். வெண்ணெயை நிறுத்தி ஒரு குளிர்காலம் முழுக்கக் கானாங்கெளுத்தி மீனாகத் தின்றோம். பெரிய தீவில் ஆழ்கடலில் மூழ்கி வேலை செய்பவர்களுக்கான காற்றழுத்த அறை இருந்தது. இருபது முறை படகேறிப் போய் அதற்குள் உட்கார்ந்துவிட்டு வந்தாள். காது வலிதான் மிச்சம். ஊர்க் கூடத்தில் வியாழக்கிழமை தோறும் நாற்காலி யோகா. "மூச்சை முழங்காலுக்கு அனுப்பணுமாம்," என்று வந்து சொல்வாள். "அனுப்பினேன். அது வழியிலயே திரும்பிடுச்சு." ஆனாலும் அந்த வகுப்பை விடவில்லை. அங்கே யாரும் அவளிடம் எண் கேட்கவில்லை.

பிறகுதான் ஸ்ப்ரே வந்தது. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்தது. கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி, நாக்குக்கு அடியில் அடிக்க வேண்டும். வாய் காய்ந்தது, முதல் வாரம் தலை சுற்றியது. செய்தி எப்படியோ பரவி, தபால் கொண்டுவரும் டில்டா வாசலில் நின்று மோந்து பார்த்தாள். "என்ன எட்வின், கஞ்சா வீடாமே இது? மாடெல்லாம் சிரிக்குதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"மாடு சிரிக்கல. உன்னைப் பாத்து அழுவுது," என்று உள்ளேயிருந்து தோராவின் குரல் வந்தது. அவள் அப்படிக் குரல் கொடுத்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, அவள் முழங்காலை என்னால் ஒரே கையால் மடக்க முடிந்தது. பழைய கால் மாதிரி, கனமாக, ஆனால் சொன்னால் கேட்கும் கால். கடைசி வாரத்து வெள்ளிக்கிழமை அவள் சமையலறைத் தொட்டியோரம் சாய்ந்து நின்று ஆறு உருளைக்கிழங்கு தோல் சீவினாள். தோலைக் கனமாகச் சீவுகிறாய் என்று நான் சொன்னதற்குச் சண்டை போட்டாள். அன்று போட்ட எண்தான் அந்த அஞ்சரை.

நோட்டில் உண்மை வந்ததற்குக் காரணம் மேவிஸ்தான். இரண்டாவது வாரம் ஃபோனில், "சிகுர்டை மறந்துடுங்க. உங்க கால் என்ன சொல்லுதோ அதை எழுதுங்க. யாரையும் சங்கடப்படுத்திட மாட்டீங்க," என்று அவள் சொன்னாள். தோரா பள்ளிக்கூடப் பிள்ளைபோல அதைக் கேட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து எட்டு, எட்டு, ஏழரை, ஏழு. முதல் பக்கத்து நாலை நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவேயில்லை.

"எட்டு ஆறா ஆயிருக்கே," என்றேன் மேவிஸிடம். "உன் கணக்குக்கு அது போதாதா?"

"முதல் நாள் நம்பரைத்தான் எடுத்துப்பாங்க எட்வின். நாலு ஆறாயிருக்கு. காகிதத்துல பாத்தா மருந்து இவங்களை மோசமாக்கியிருக்கு."

"டாக்டர்கிட்ட சொல்லேன்."

"நேத்தே பேசிட்டேன். ரெண்டு தடவை. மருந்து பிடிச்சுப்போச்சுன்னா எல்லாருமே முதல் நம்பர் தப்புன்னுதான் சொல்வாங்கன்னார். அவர் கெட்டவர் இல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கார், அவ்வளவுதான்."

"நான் இங்கதான் நின்னேன். அன்னைக்கு அது நாலு இல்ல. ஒம்போது. நான் சாட்சி."

மேவிஸ் ஒரு காகிதத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினாள். நாலு என்பதற்குக் கீழே அவளுடைய சிறிய கையெழுத்தில் இருந்தது: நன்றாகச் சமாளிப்பதாகக் கணவரும் சொல்கிறார்.

நான் அதை இரண்டு முறை படித்தேன்.

"மறுபடி எப்ப கேக்கலாம்?" என்றேன்.

"ஒரு வருஷம் ஆகட்டும்னார். அப்பவும் உறுதி சொல்ல முடியாது." அவள் குரல் இறங்கிவிட்டது. "நான் அன்னைக்கு இன்னொரு தடவை கேட்டிருக்கணும். நானும் இந்த ஊர்க்காரிதானே, எனக்குத் தெரியாதா? அன்னைக்கு விமானத்துக்கு நேரமாச்சு."

ஒரு வருடத்தில் அந்தக் கால்கள் எங்கே இருக்கும் என்று நாங்கள் மூன்று பேரும் கணக்குப் போட்டிருப்போம். மூன்றாவது வீட்டுப் புகைபோக்கியில் புகை நேராக எழ முடியாமல் பக்கவாட்டில் கிழிந்துகொண்டிருந்தது.

"எட்வின், அவளைத் திட்டாதே," என்றாள் தோரா.

"திட்டலையே."

"மூஞ்சியாலே திட்டுறே." பிறகு மேவிஸிடம், "டீ ஆறிப்போச்சு. வேற ஊத்தவா?" என்றாள். நின்று ஊற்றப்போகிறவள் போலவே கேட்டாள். சக்கர நாற்காலிக்கு அடியில் அவள் கணுக்கால் துடிக்க ஆரம்பித்திருந்தது. காலை ஸ்ப்ரேயின் நேரம் முடிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நாளைக் காலை அந்தத் துண்டை மறுபடி சுருட்ட வேண்டும்.

மேவிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். "மிச்சம் இருக்கிறதை நான் எடுத்துட்டுப் போகணும் தோரா. இது கணக்குக் காட்ட வேண்டிய மருந்து. இங்க விட்டுட்டுப் போக எனக்கு அனுமதி இல்ல."

"தெரியும். ஃப்ரிட்ஜ்ல வெண்ணெய்க்குப் பக்கத்துல."

நான் எடுக்கவில்லை. மேவிஸே எழுந்து போய் எடுத்தாள். குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இருக்கும் அளவைக் காகிதத்தில் குறித்தாள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேல்பட்டையை இன்னும் ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளை விமானத்துக்குக் கொண்டுபோய்விட நான் வண்டிச் சாவியைத் தேடினேன்.

முப்பத்தோரு வருடத்தில் தோரா யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பிடி உப்புகூட. இப்போது அவள் நாற்காலியை மேவிஸ் பக்கம் உருட்டினாள். நோட்டை மூடி மடியில் வைத்தாள். குரலை உயர்த்தாமல்தான் பேசினாள்.

"மேவிஸ், அதுல இன்னும் எட்டு நாளைக்கு இருக்கு. கீழ விழுந்து உடைஞ்சிடுச்சுன்னு எழுதிட்டு, அதை இங்க வச்சுட்டுப் போறியா?"